முடங்கிய கிரிப்டோ கணக்கு: நம்ம பக்கம் வழக்கறிஞர் யாராவது?

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் எங்க சித்தப்பா ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு கிரிப்டோ தளத்தில் போட்டிருந்தார். இப்போது எடுக்க முடியவில்லை. கேட்டால் "விசாரணை நடக்கிறது, காத்திருங்கள்" என்று ஒரே பதில். மனுஷன் சரியாகத் தூங்குவதே இல்லை.

கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-ல் வங்கிகளுக்குப் போட்ட தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 முதல் இந்தத் தளங்கள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும். சரி, இதெல்லாம் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் நடுவே உள்ள வழக்கு. பணம் போட்டவருக்கு என்ன வழி?

எனக்கு நம்பிக்கை தந்தது 2025 அக்டோபரில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புதான். கிரிப்டோவும் ஒரு சொத்துதான், அதை இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார். நடுவர் மன்றம் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் ஏற்பாடு) சிங்கப்பூரில் என்று ஒப்பந்தத்தில் இருந்தும், வழக்குப் போட்ட முதலீட்டாளரின் பணம் சென்னையிலிருந்து போனதால் இங்கேயே இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார்கள். சித்தப்பா கையெழுத்திட்ட விதிமுறையிலும் வெளிநாட்டு நடுவர் மன்றம்தான்!

இதை வைத்து மதுரைக் கிளையில் மனு போடலாமா? இல்லை, முதலில் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா? பாளையங்கோட்டையில் இந்த மாதிரி வழக்கு நடத்திய வக்கீல் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அப்புறம், "பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். வங்கி அறிக்கை, மின்னஞ்சல்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.