நீண்ட குவெரிகள்: டைம்அவுட் போதுமா, தேடல் வசதியைக் குறைக்கணுமா?

கேள்வி:
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஆர்டர் டேபிளில் 4 கோடி வரிசைகள். ரிப்போர்ட் பக்கத்தில் தேதி வரம்பே இல்லாமல் தேடலாம். பெயரின் நடு எழுத்துகளை வைத்தும் தேடலாம். ஒருவர் ஐந்து வருடத்துக்குத் தேடினால் மற்ற பக்கங்கள் எல்லாம் திணறுகின்றன. ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (குறித்த நேரத்தைத் தாண்டும் குவெரியை, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வியை, டேட்டாபேஸே நிறுத்துவது) போதுமா, இந்த வசதிகளையே எடுத்துவிடலாமா?

பதில் 1:
முதல்ல டைம்அவுட் போடுங்க. ஆனால் சர்வர் கான்ஃபிக்கில் வேண்டாம்; இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) கட்டுவது, மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றுவது) எல்லாம் பாதியில் அறுந்துபோகும். ரிப்போர்ட்டுக்குத் தனி ரோல் (டேட்டாபேஸ் யூசர் கணக்கு) உருவாக்கி, ஆல்டர் ரோல் மூலம் அதற்கு மட்டும் 15 விநாடி கொடுங்க. அலகு எழுதாமல் வெறும் 15 என்று போட்டால் 15 மில்லிவிநாடி ஆகிவிடும். புதுக் கனெக்‌ஷனுக்குத்தான் பொருந்தும், அதனால் பூலை (திறந்தே வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பை) ரீஸ்டார்ட் செய்யணும்.

வெப் சர்வர் டைம்அவுட் இதைவிடக் கூடுதலா இருக்கட்டும். குறைவா இருந்தால், யூசர் எரரைப் பார்த்த பிறகும் உள்ளே குவெரி ஓடிக்கிட்டே இருக்கும். அவர் ரிஃப்ரெஷ் அழுத்தினால் இன்னொன்று சேரும். வெட்டுப்பட்டால் வரும் எரர் கோடு 57014. அதைப் பிடித்து, தேதி வரம்பைக் குறைக்கச் சொல்லுங்க. தானாக ரீட்ரை கூடவே கூடாது.

பதில் 2:
டைம்அவுட் ஒவ்வொரு குவெரிக்கும் தனித்தனி வேலி. 20 பேர் ஒன்றாக அழுத்தினால் 20 குவெரியும் 15 விநாடி ஓடி வெட்டுப்படும்: 300 விநாடி வேலை, யாருக்கும் ஒரு வரிசைகூடப் போய்ச் சேராது. பூல் அளவையும் ரோலின் கனெக்‌ஷன் லிமிட்டையும் 4 ஆக்குங்க, மற்றவர்கள் வரிசையில் காத்திருக்கட்டும். ஒரு கேதருக்கான (ஒரு குவெரியின் வேலையைப் பிரித்து ஓட்டி முடிவைச் சேர்க்கும் படிக்கான) பேரலல் வொர்க்கர், அதாவது துணை ப்ராசஸ், இயல்பாகவே 2. அந்த ரோலுக்கு 0 வையுங்க.

தேதி வரம்பைக் கட்டாயமாக்கலாம். நடு எழுத்துத் தேடலை எடுக்காதீங்க, ஆட்களுக்கு அது நிஜமாகவே தேவைப்படும். இரு பக்கமும் சதவிகிதக் குறி போட்ட லைக் தேடலுக்கு வழக்கமான பி-ட்ரீ இண்டெக்ஸ் உதவாது. டிரைகிராம் (மூன்று எழுத்துத் துண்டுகள்) எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, பெயர் இருக்கும் நெடுவரிசையில் அந்தத் துண்டுகளுக்கான ஜின் இண்டெக்ஸ் கட்டுங்க, கட்டும்போது கன்கரன்ட்லி (டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் கட்டும் முறை) போட மறக்காதீங்க. மூன்று எழுத்துக்குக் குறைந்த தேடலுக்கு அதனாலும் பயன் இல்லை; அந்தக் கட்டுப்பாட்டை ஃபார்மிலேயே வையுங்க.

கேட்டவர்:
இதே ரோலில் சிலர் நேரடியாக எஸ்கியூஎல் எழுதுகிறார்களே?

பதில் 1:
அப்படியென்றால் டைம்அவுட்டை நம்பாதீங்க. செட் கட்டளை ஒன்று போட்டு அவர்களே அதை 0 ஆக்கிக்கொள்ளலாம். அவர்களை ரெப்ளிகாவுக்கு (டேட்டாபேஸின் படிக்க மட்டுமான நகல் சர்வர்) மாற்றுங்க. டெம்ப் ஃபைல் லிமிட்டை (குவெரி டிஸ்க்கில் எடுக்கும் தற்காலிக இடத்துக்கான வரம்பை) சாதாரண ரோலால் மாற்ற முடியாது, அதையும் போடுங்க.