டிஎஸ்ஓ138 ஆசிலாஸ்கோப்: சீரியல் வழியாக ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை

கம்பிச்சுருள்:
ஜேஒய்இ டெக் நிறுவனத்தின் பழைய டிஎஸ்ஓ138 ஆசிலாஸ்கோப் (சிக்னலின் அலையைத் திரையில் காட்டும் கருவி) போர்டு, சிப் எஸ்டிஎம்32எஃப்103சி8. உள்ளே இருக்கும் புரோகிராமை காப்பி எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக டிஎல்ஓ-138 என்ற மாற்று ஃபர்ம்வேரை (சிப்பை இயக்கும் புரோகிராம்) ஏற்ற வேண்டும். யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் சிஎச்340, ஏற்றும் மென்பொருள் லினக்ஸில் எஸ்டிஎம்32ஃபிளாஷ். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலேயே தோல்வி. டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) கம்பிகளை மாற்றிப் போட்டும் அதே நிலை. எதைச் சோதிக்கலாம்?

ஈயப்புகை:
முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். போர்டில் ஜேபி1, ஜேபி2 என்று குறித்த ஜம்பர் இடங்கள் இரண்டையும் ஈயம் வைத்து இணைத்த பிறகு, சிப்பின் 44ஆம் காலில் (பூட்0) 3.3 வோல்ட், 20ஆம் காலில் (பூட்1) பூஜ்யம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிப் பூட்லோடருக்குள் (புது ஃபர்ம்வேரை வாங்கி எழுத சிப்பிலேயே இருக்கும் சிறு புரோகிராம்) போகவே இல்லை. கம்பியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

சிப்பின் டிஎக்ஸ் பிஏ9, அதாவது 30ஆம் கால். ஆர்எக்ஸ் பிஏ10, 31ஆம் கால். கன்வெர்ட்டரின் ஆர்எக்ஸ் 30க்கும் டிஎக்ஸ் 31க்கும் போகட்டும். கிரவுண்டைக் கட்டாயம் இணையுங்கள். கரண்ட் போர்டின் 9 வோல்ட் அடாப்டரிலிருந்தே வரட்டும், கன்வெர்ட்டரின் 5 வோல்ட், 3.3 வோல்ட் கம்பிகளைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் முன் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். ரீசெட்டுக்குப் பின் வரும் முதல் பைட்டை வைத்துத்தான் பூட்லோடர் பாட் ரேட்டை (சீரியல் வேகத்தை) கணிக்கிறது. அந்த நேரத்தில் குப்பை சிக்னல் நுழைந்தால் கணிப்பு தவறி, அடுத்த ரீசெட் வரை சரியான பதில் வராது.

பழையபோர்டு:
மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் பேரிட்டியை (பிழை கண்டறியச் சேர்க்கும் பிட்) சந்தேகியுங்கள். இந்த பூட்லோடர் 8 பிட், ஈவன் பேரிட்டி, 1 ஸ்டாப் பிட் மட்டுமே ஏற்கும். பழைய லினக்ஸ் கெர்னலின் சிஎச்340 டிரைவர் பேரிட்டியை அமைக்காது. கெர்னலைப் புதுப்பியுங்கள், அல்லது எஃப்டி232, சிபி2102 கன்வெர்ட்டர் போட்டுப் பாருங்கள். வேகத்தை 57600இல் வைத்தால் போதும்.

கம்பிச்சுருள்:
சிபி2102 போட்டதும் சிப் ஐடி 0410 வந்துவிட்டது, நன்றி. ஆனால் படிக்கச் சொன்னால் மறுக்கிறது.

ஈயப்புகை:
அது ரீட் புரொடெக்ஷன், சிப்பில் உள்ளதை யாரும் படிக்காமல் தடுக்கும் பூட்டு. தயவுசெய்து அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள்! நீக்கும் கட்டளையே 64 கேபி ஃபிளாஷ் நினைவகம் முழுவதையும் அழித்துவிடும். ஆகவே இந்த வழியில் காப்பி எடுக்க முடியாது. ஜேஒய்இ தளத்தில் உங்கள் போர்டுக்கான ஹெக்ஸ் ஃபைலை (ஃபர்ம்வேர் ஃபைல்) முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர அதுதான் வழி.

பிறகு புரொடெக்ஷனை நீக்கி, ரீசெட் அழுத்தி, வெரிஃபையுடன் (எழுதியதைச் சரிபார்க்கும் வசதி) எழுதுங்கள். ஃபைல் .bin வகை என்றால் தொடக்க முகவரி ஹெக்ஸ் 08000000. ஃபிளாஷில் தனியாக ஏற்றும் யுஎஸ்பி பூட்லோடருக்காகக் கம்பைல் செய்த ஃபைல் 08002000இல் தொடங்குவதாக இருக்கலாம். அதை 08000000இல் எழுதினால் வெரிஃபை வெற்றி என்று காட்டும், திரை மட்டும் வெள்ளையாகவே நிற்கும்.

பழையபோர்டு:
எழுதி முடித்ததும் ஜேபி1, ஜேபி2 ஈயத்தை உறிஞ்சி எடுங்கள். விட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பூட்லோடரிலேயே நிற்கும். என்றாவது ஜேஒய்இ ஃபர்ம்வேருக்குத் திரும்பினால் கப்ளிங் சுவிட்சை கிரவுண்டில் வைத்து, விபாஸை (கோட்டின் மேல்-கீழ் நிலை) தேர்ந்து, ஓகே பட்டனை 3 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பூஜ்யக் கோடு சரியாகிவிடும்.