மிச்சிகன் ஏரியில் சால்மன் குஞ்சுகளை எங்கே விடுவது?

தென்கரைத் தூண்டில்:
வசந்தம் வந்தால் இந்தச் சண்டையும் வந்துவிடுகிறது. பண்ணையில் வளர்க்கும் சினூக் சால்மன் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) முன்போல் தாராளமாகக் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் விடும் எண்ணிக்கையை 2013-இல் ஏறக்குறையப் பாதியாக வெட்டினார்கள். எஞ்சியதில் ஒரு பங்கை வடக்கே மனிஸ்டீ பக்கம் கொண்டுபோய் விடுவானேன்? அங்கே சால்மன் தானாகவே முட்டையிட்டுப் பெருகுகிறது. பக்கத்திலுள்ள பியர் மார்க்கெட் ஆற்றில் (பெயரைக் கேட்டுச் சந்தை என்று நினைக்க வேண்டாம்) சால்மன் விரலிகளே விடுவதில்லை. ஆனாலும் செப்டம்பரில் கரையில் கால் வைக்க இடமிருக்காது. எங்கள் செயின்ட் ஜோசப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் வெதுவெதுப்பு, அடியில் மணலும் வண்டலும். முட்டை பிழைக்காது. விட்டால்தான் மீன். பசித்தவன் இலையில்தானே சோறு போட வேண்டும்?

மனிஸ்டீக்காரன்:
அண்ணா, சோறு வடிக்க அரிசி எங்கிருந்து வருகிறது? லிட்டில் மனிஸ்டீ ஆற்றுத் தடுப்பில் பிடிக்கும் தாய்மீன்களின் முட்டைதான் உங்கள் ஊருக்கும் விரலியாக வருகிறது. இங்கே திரும்பி வரும் மீன் குறைந்தால் உங்கள் இலையும் காலி.

இன்னொன்று. கோடை முழுவதும் சால்மன் இரையைத் தேடி ஏரி எங்கும் அலையும். நீங்கள் விட்ட மீனை எதிர்க்கரை விஸ்கான்சின்காரர் பிடிப்பார், அவர் விட்டதை நான் பிடிப்பேன். குஞ்சில் பதிந்த ஆற்று மணத்தை நுகர்ந்து அது ஊர் திரும்புவது மூன்று நான்கு வயதில், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான்.

தென்கரைத் தூண்டில்:
அந்தச் சில வாரங்களுக்காகத்தானே கேட்கிறேன்! படகு வைத்திருப்பவர் ஏரியின் நடுவில் பிடித்துக்கொள்வார். படகில்லாமல் துறைமுகச் சுவரில் நிற்பவருக்கு, மீன் தேடி வந்தால்தான் உண்டு.

ஹியூரான் கரை:
இருவரும் பந்தியில் இடத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். உலையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இந்தச் சால்மன் இங்கே எதற்கு வந்தது? லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணியும் அளவுமீறிய மீன்பிடிப்பும் ஏரி டிரவுட் என்ற மண்ணின் வேட்டை மீனை அழித்தபின், அதைத் தின்ன ஆளில்லாமல் ஏல்வைஃப் என்ற சிறுமீன் கண்டபடி பெருகியது. மிச்சிகன் மாநில மீன்வளத் தலைவர் ஹோவர்ட் டேனர் 1966-இல் பிளாட் ஆற்றிலும் பேர் கிரீக்கிலும் கோஹோ சால்மன் விரலிகளை விட்டார். மறு ஆண்டு சினூக். அதே 1967-இல் கடற்கரை போன்ற மிச்சிகன் ஏரியின் மணற்கரைகளில் ஏல்வைஃப் குவியல் குவியலாகச் செத்து நாறியது. சால்மனுக்கு ஏல்வைஃப் விருந்து.

பிறகு குவாகா என்ற வந்தேறி மட்டி, ஏல்வைஃபுக்கு இரையாக நீரில் மிதந்த நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றது. சால்மன் மேலிருந்து வேட்டையாடியது. 2004-க்குள் பக்கத்து ஏரியான எங்கள் ஹியூரானில் ஏல்வைஃப் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அப்போது நான் பிடித்த சினூக்கின் தலை பெரிதாகவும் உடல் விறகுக் கட்டைபோலவும் இருந்தது. எங்கள் துறையில் வாடகைப் படகுகள் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வந்தன. அதன்பின்னும் குஞ்சு விட்டோம். முதுகிலுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டி, மூக்கில் நுண்கம்பி அடையாளம் வைத்து விட்ட மீன்கள் எங்கே கிடைத்தன தெரியுமா? உங்கள் மிச்சிகன் ஏரியில், ஏல்வைஃப் தின்றுகொண்டு! எங்கே விட்டாலும் அது இரை இருக்கும் இடத்துக்குத்தான் போகும்.

நன்னீர்:
ஹியூரான் கதையின் மறுபாதியை நான் சொல்கிறேன். ஏல்வைஃப் போனதும் அந்த ஏரியின் சாகினா விரிகுடாவில் வால்ஐ மீன் பெருகியது. அதன் குஞ்சுகளைத் தின்றுவந்ததே ஏல்வைஃப்தான். 2006-இல் அங்கே வால்ஐ குஞ்சு விடுவதையே நிறுத்தினார்கள். ஏரி டிரவுட்டும் தானாக இனம்பெருக்கத் தொடங்கியது. ஏல்வைஃப் தின்னும் டிரவுட்டின் உடலில் வைட்டமின் பி1 அழிகிறது, குஞ்சு பிழைப்பதில்லை. சால்மன் வேண்டுமென்றால் ஏல்வைஃபைக் காக்க வேண்டும். அதைக் காத்தால் மண்ணின் மீன் தலையெடுக்காது. அமெரிக்க அரசுடன் செய்த 1836 ஒப்பந்தப்படி இந்த நீரில் உரிமை கொண்ட ஒட்டாவா, சிப்பேவா பூர்வகுடி மக்கள் தலைமுறைகளாக உண்டது டிரவுட்டும் ஒயிட்ஃபிஷும்தான். அவர்களைக் கேட்காமல் நாம் எப்படிப் பங்கு பிரிக்கிறோம்?

மனிஸ்டீக்காரன்:
கேட்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பண்ணைகள் பெரும்பாலும் தூண்டில் உரிமக் கட்டணத்திலும் தூண்டில் சாமான்கள் மீதான வரியிலும் நடக்கின்றன. சால்மன் இல்லையென்றால் உரிமம் வாங்குபவர் குறைவார். மாநிலப் பண்ணைகளின் மற்ற மீன்குஞ்சுகளுக்கும் பணம் அதே உண்டியலிலிருந்துதான்.

தென்கரைத் தூண்டில்:
ஹியூரான் நண்பர் சொன்னது உறைக்கிறது. மொத்த எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லவில்லை. முட்டைக்கு வேண்டிய அளவு லிட்டில் மனிஸ்டீக்குப் போகட்டும். மீதியை, மீன் தானாகப் பெருகாத தெற்கு ஆறுகளுக்குத் தாருங்கள். லாரியிலிருந்து நேரே கொட்டினால் நீர்க்காகத்துக்குத்தான் கொண்டாட்டம். மிதவைக் கூண்டில் சில வாரம் வளர்த்து, இருட்டியபின் திறந்துவிடுகிறோம்.

மனிஸ்டீக்காரன்:
"முட்டைக்கு வேண்டிய அளவு" எவ்வளவு என்று யார் முடிவுசெய்வது? மீன் வராத ஆண்டு ஒன்று வந்தால்?

ஹியூரான் கரை:
வரும். எங்களுக்கு வந்தது.