மீசை இல்லாத குதிரைவாலிக் களை: கொலோனாவா, குரூஸ்-கல்லியா?

வரப்போரம்:
நெல் வயலில் குதிரைவாலிக் களை இரண்டு வகையாக நிற்கிறது. ஒன்று முழங்கால் உயரம். மற்றொன்று நெல்லையே தாண்டிவிட்டது. மணியின் நுனியில் மீசை (நீண்ட முள் போன்ற இழை) இருந்தால் எக்கினோகுளோவா குரூஸ்-கல்லி, இல்லாவிட்டால் எக்கினோகுளோவா கொலோனா என்று படித்தேன். ஆனால் உயரமான செடியிலும் பாதிக் கதிர்களில் மீசையைக் காணோம். வேறு எதைப் பார்ப்பது?

உலர்தாள்:
மீசையை முதலில் மறந்துவிடுங்கள். அதை நம்பிப் பெயர் எழுதி ஒட்டிய மாதிரிகளைத் திருத்துவதிலேயே என் பொழுது போகிறது. கொலோனாவுக்கு மீசை கிடையாது, மணி வெறும் கூராக முடியும். குரூஸ்-கல்லிக்கோ நீளமாகவும் வரும், அடியோடு இல்லாமலும் போகும். ஆக, மீசை இருந்தால் கொலோனா அல்ல; இல்லையென்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கதிரின் அடிக்கிளையைக் கிள்ளி எடுத்து லென்ஸில் பாருங்கள். கொலோனாவில் அது பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. வரைதான், மறுகிளை விடாது. மணிகள் நான்கு வரிசையில் நெருக்கமாக அடுக்கியிருக்கும். குரூஸ்-கல்லியில் அடிக்கிளை நீளம், அதிலிருந்து குட்டிக் கிளைகளும் பிரியும்; மணிகள் வரிசை கலைந்து கொத்தாகத் திரண்டிருக்கும், ஓரங்களில் முரட்டு மயிர் குத்திட்டு நிற்கும். மணியும் சற்றுப் பெரிது: கொலோனா 2 முதல் 3 மி.மீ., இது 3 முதல் 4.

உயரத்தைக் கடைசியில் பாருங்கள். வளமில்லாத மண்ணில் குரூஸ்-கல்லியும் குள்ளமாகவே பூத்துவிடும்.

வரப்போரம்:
நன்றி ஐயா. கதிர் வருமுன் கண்டுபிடிக்க வழி உண்டா?

உலர்தாள்:
நெல்லிலிருந்து பிரித்துவிடலாம். இலை தண்டை விட்டு விலகும் இடத்தில் நெல்லுக்கு வெண்சவ்வு நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இவை இரண்டுக்கும் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இரண்டில் எது என்பதுதான் சிக்கல். இலையின் குறுக்கே ஊதாப் பட்டை ஓடினால் கொலோனா. பட்டை இல்லாத கொலோனாவும் ஏராளம் என்பதால், கதிர் வரும்வரை பொறுப்பதே மேல்.

ஈரநிலம்:
களையெடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் குரூஸ்-கல்லி விதை முளைக்கும். கொலோனா முளைக்கும் பருவத்தில் தேங்கிய நீரைத் தாங்காது. நாம் பயிரிடும் குதிரைவாலி இந்தக் கொலோனாவிலிருந்து வந்தது. ஜப்பானியக் குதிரைவாலி மற்றதிலிருந்து வந்தது. இரண்டுக்கும் குரோமோசோம் 54தான், ஆனாலும் கலப்பில் பிறக்கும் செடி மலடு.

உலர்தாள்:
அதனால்தான் 'இரண்டுக்கும் நடுவகை' என்று எழுதி அனுப்புகிறவர்களிடம் அடிக்கிளையை மறுபடி பார்க்கச் சொல்கிறேன்.