தயிர் ஏன் உறையுதில்ல? தெரிஞ்சவங்க சொல்லுங்க

மட்டக்களப்பில பிறந்துட்டு தயிர் உறைய வைக்கத் தெரியாதெண்டா சிரிப்பீங்கதான். சிரிச்சிட்டு மறுகா பதில் சொல்லுங்க.

படுவான்கரைப் பக்கமிருந்து எருமைப்பால் ரெண்டு லீற்றர் வாங்கினேன். நல்லாக் காய்ச்சி, விரல் வச்சா சூடு தாங்குற அளவுக்கு ஆறவிட்டு, கடைத்தயிர் ரெண்டு கரண்டி கலந்து புதுச் சட்டியில ஊத்தி மூடிவச்சேன். விடிய எழும்பிப் பார்த்தா மேல மஞ்சத் தண்ணி, கீழ கோழை மாதிரி இழுபடுது. ரெண்டு தரமும் இதே கதைதான். அம்மம்மா உறைய வச்ச தயிரைச் சட்டியோட கவிட்டாலும் விழாது. அவ அளவு எழுதி வைக்கல்ல, எல்லாம் கைக்கணக்கு.

எனக்குச் சட்டியிலதான் சந்தேகம். புதுச் சட்டியை எத்தின நாள் தண்ணியில ஊறப்போடணும்? இல்லாட்டி உறைமோர்தான் கூடிப்போச்சா? மின்விசிறிக்குக் கீழ வச்சதும் பிழையோ தெரியா.

பால்மா போட்டாக் கட்டியாகும் எண்டு மச்சாள் சொல்றா. அது வேணாம். வீட்டில செய்றவங்க சொல்லுங்க. ஞாயிறு மகள் வாறா, தயிரும் பாணியும் கேட்டிருக்கா.