பழைய ஃபார்கோவுக்கு வேறு ஹெட் போட்ட அனுபவம்

பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) விரிசல் விட்டுவிட்டால் வேறு ஹெட் தேடி ஓடுவதற்கு முன்னால், பிளாக்குக்குள் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) தண்ணீர் ஓடும் வழியைப் பாருங்கள்.

எங்கள் பெரியப்பா ஓட்டிய ஃபார்கோவில் இருப்பது பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜின். ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர். ஒரு காலத்தில் இந்த இன்ஜினை நம்ம சிம்ப்சன் கம்பெனியே இங்கே தயாரித்தது. இப்போது ஹெட் வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடுவதுதான் வழி.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட்டினால் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தது. ஹெட்டை இறக்கித் துடைத்ததும் காரணம் தெரிந்தது: ஆறாவது சிலிண்டரில் இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல். வெல்டிங் வைக்கலாம் என்றார்கள். வார்ப்பிரும்பை முழுசாகச் சூடேற்றிப் பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் வைத்த வெல்டிங் பக்கத்திலேயே மறுபடி விரியும். அதனால் வேறு ஹெட்தான் என்று முடிவு செய்தேன்.

எங்கள் மெக்கானிக் அண்ணன், "தம்பி, ஹெட் எங்கயும் போயிடாது. இது ஏன் விட்டுச்சுன்னு மொதல்ல பாப்போம்" என்று பிளாக்கின் பக்கவாட்டுப் பிளக்குகளை (தண்ணீர் வழியை அடைத்திருக்கும் தகட்டு மூடிகள்) தட்டிக் கழற்றினார். முன்பக்கம் பரவாயில்லை. தண்ணீர் பம்புக்குத் தூரமாக இருக்கும் ஐந்து, ஆறாவது சிலிண்டர் பக்கம் துருவும் உப்பும் சேர்ந்து, வெந்நீர் அண்டா அடியில் படிவது மாதிரி கெட்டியாக அப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் சில்லுசில்லாகப் பெயர்ந்தது. வருஷக்கணக்காக ஊற்றிய போர் தண்ணீரின் வேலை! அந்த இடத்தில் தண்ணீர் சுற்றாவிட்டால் புது ஹெட்டுக்கும் அதே கதிதான்.

புதுப்பேட்டையில் கிடைத்த ஹெட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தோம். நன்றாகக் கணீரென்றது. அது மட்டும் போதாது. தண்ணீர்த் துளைகளைத் தகடு வைத்து அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பாருங்கள். சூடானால்தான் வாய் திறக்கும் விரிசல்களும் உண்டு. டெஸ்ட் பண்ணிய பிறகுதான் காசு என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. அப்புறம் லேத்தில் கொடுத்து ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), வால்வு லேப்பிங் (வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்துவது) எல்லாம் வழக்கம்போல. ஃபேசிங்கில் தேவைக்கு மேல் ஒரு துளிகூட எடுக்க விடாதீர்கள். ரொம்ப எடுத்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் பழைய ஹெட் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுங்கள், மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட் இறங்கும் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், முறுக்கும்போது அந்த அழுத்தத்திலேயே பிளாக் விரியும். துணியால் ஒற்றிக் காற்றடித்து உலர்த்திவிட்டோம். நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக டார்க் வைத்தோம் (அளவு பார்த்து போல்ட்டை முறுக்கினோம்). இன்ஜின் சூடாகி ஆறியதும் மறுபடி டார்க் பார்த்து, அதற்கப்புறம் டேப்பட் (வால்வு இடைவெளி) சரிபார்த்தோம்.

இப்போது குமிழி இல்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும்தான் ஊற்றுகிறேன். ஃபார்கோ, பெட்ஃபோர்டு வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வாரமே பின்பக்கப் பிளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று இங்கே எழுதுங்கள்.