ஊருக்குள் ஒன்றும் இல்லை, ஹைவேயில் 100-ஐத் தொட்டால் மட்டும் வண்டி ஹீட் ஆகிறது

கேள்வி – அவிநாசிரோடு:
வணக்கம். 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காந்திபுரம் சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. அவிநாசி தாண்டி 100-ல் போனால் பெருமாநல்லூர் வருவதற்குள் முள் ஏற ஆரம்பிக்கிறது, 70-க்குக் குறைத்தால் தானாக இறங்கிவிடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், அப்புறம் ஃபேன் மோட்டாரையும் மாற்றினார், 6,500 ரூபாய் போனதுதான் மிச்சம். இப்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார். கூலன்ட் குறையவில்லை. அடுத்த வாரம் அம்மாவைச் சேலத்துக்குக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகணும், அதனால்தான் பதற்றமாக இருக்கிறது.

பதில் – டீசல்கை:
இன்ஜினைப் பிரிக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் ஃபேனைப் பார்க்கணும். உங்களுக்கு நேர் எதிர். 100-ல் போகும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் ஓடவே தேவையில்லை, அதனால் அந்த மோட்டாரை மாற்றியது வீண் செலவு. 50-ல் போவதைவிட 100-ல் போகும்போது காற்றைக் கிழிக்க மட்டுமே எட்டு மடங்கு பவர் வேண்டும், அவ்வளவு டீசல் எரிந்து அதில் வரும் சூட்டில் கணிசமான பங்கு தண்ணீருக்கு இறங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது பாதி அடைத்த ரேடியேட்டர்கூடச் சமாளித்துவிடும், ஹைவேயில்தான் அதன் வண்டவாளம் தெரியும். கேஸ்கெட் சந்தேகம் இருந்தால் பிளாக் டெஸ்டர் நீலத் திரவத்தை வைத்துப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் டீசல் வண்டியில் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். முள்ளையும் முழுசாக நம்ப வேண்டாம். பல கார்களில் அது நடுவிலேயே நிற்கிற மாதிரி வைத்திருப்பார்கள், அது அசைவதற்குள் உள்ளே சூடு எங்கேயோ போயிருக்கும். வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கிற ஒரு ஓபிடி ப்ளூடூத் கருவியைச் செருகி போனில் டிகிரியைப் பாருங்கள்.

பதில் – போர்த்தண்ணி:
அவர் சொன்னதோடு ஒன்று. பானெட்டைத் திறந்து, வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதித்து 3,000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லிவிட்டு ரேடியேட்டரின் கீழ் ஹோஸையே பாருங்கள். கையை வைக்காதீர்கள், பெல்ட்டும் ஃபேனும் பக்கத்திலேயே இருக்கும். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது அந்த வழியாகத்தான். ரப்பர் தொய்ந்திருந்தால் ஐடிலில் உருண்டையாக இருக்கிற ஹோஸ் ஆர்பிஎம் ஏறியதும் சப்பையாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். இன்னொன்று, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், முன்பக்கம் பளிச்சென்று இருக்கும், நடுவில் பூச்சியும் மண்ணும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். ரேடியேட்டரில் இதுவரை என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

அவிநாசிரோடு:
சூடாக இருக்கும்போது 3,000-ல் பார்த்தேன், கீழ் ஹோஸ் நடுவில் சப்பையாகிவிட்டது! காலை விட்டதும் பழையபடி உருண்டையானது. போன வருஷம் கிளாம்ப் லீக் ஆனபோது வழியில் ஒரு பட்டறையில் மாற்றிய ஹோஸ் அது. தண்ணீர், உண்மையைச் சொன்னால், ஆறேழு தடவை வீட்டு போர்த் தண்ணீரையே ஊற்றியிருக்கிறேன்.

போர்த்தண்ணி:
அப்படியானால் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள். ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் பம்ப் பலமாக இழுத்து ஹோஸைச் சப்பையாக்கும். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை அணைத்து, ஃபேன் கனெக்டரைக் கழற்றிய பிறகு (சாவி எடுத்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுழலும்) ரேடியேட்டர் முகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். எங்காவது ஒரு பட்டை மட்டும் சட்டென்று குளிர்ந்து தெரிந்தால் அங்கே உப்பு அடைத்திருக்கிறது. நம்ம பக்கத்து போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதேதான்.

பதில் – சங்ககிரிவளைவு:
சரியாவதற்குள் வழியில் முள் ஏறினால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து 60-ல் ஓரமாக வாருங்கள், ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அப்போது ஹீட்டரில் குளிர் காற்று வந்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது அல்லது ஏர்லாக் (உள்ளே காற்று சிக்கியிருக்கிறது), அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள் அண்ணா. என் தம்பிக்கு முழங்கை வரை வெந்துபோனது, தழும்பு இன்னும் இருக்கிறது.

அவிநாசிரோடு:
தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிட்டது. மேலே 86 டிகிரி, கீழே கால் பங்கு முழுக்க 50-க்குள். கழற்றிக் கவிழ்த்தபோது காவி நிறத்தில் சேறு வந்தது, டியூப் வாயில் சுண்ணாம்பு மாதிரி கட்டி. புது ரேடியேட்டர், கம்பெனி ஹோஸ், புது மூடி, பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும், காற்று வெளியேற்றி நிரப்பியாயிற்று. நேற்று மத்தியான வெயிலில் ஏசி போட்டு 100-லேயே சேலம் போய் வந்தேன், போனில் 94-ஐத் தாண்டவில்லை. அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். உங்கள் மூவருக்கும் மனசார நன்றி.

டீசல்கை:
சந்தோஷம். பழைய சேறு பிளாக்கிலும் கொஞ்சம் இருக்கும், 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வடித்துப் பாருங்கள், நிறம் மங்கலாக இருந்தால் மறுபடி ஃப்ளஷ் செய்யுங்கள். அம்மா நல்லபடியாகத் திரும்பி வரட்டும்.